கடித்தது யார் நாய்

கதவுக்கு அந்தப் பக்கம் நாய் மூச்சு விடுவது கேட்டது. கூடத் தங்கியிருக்கிற தாரிணியின் அறைக்கதவுக்கும் தரைக்கும் இடையில் இருந்த இடுக்கில் மூக்கை ஒட்டி வைத்துக்கொண்டு, உறிஞ்சி உறிஞ்சி, ஹாலில் இருப்பது யார் என்று அது மோந்து பார்த்துக்கொண்டிருந்தது. நான்தான், வேறு யார், என்று செண்பகவல்லி மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். கட்டுப்போட்ட வலது கையை மடியில் ஒரு தலையணை வைத்து அதன்மேல் கிடத்தியிருந்தாள். பெற்ற பிள்ளையைப் போட்டிருப்பதுபோல இருந்தது பார்க்க. சாப்பாடு ஆகிவிட்டது. இடது கையில் ஸ்பூனைப் பிடித்துத் தயிர்சாதம். பாதி வாயில், பாதி நைட்டியில். இனி ஹவுஸ் ஓனர் திருவேங்கடம் வரவேண்டியதுதான் பாக்கி. சனிக்கிழமை சாயங்காலம் வருகிறேன், அந்தப் பெண்ணிடமே நேராகக் கேட்டுக்கொள்கிறேன் என்று தாரிணியிடம் போனில் சொல்லியிருந்தார். வரட்டும். வந்து கேட்கட்டும். கேட்டால் சொல்வதற்கு வாய் இருக்கிறது. கைதான் இல்லை. மடிப்பாக்கத்தின் மத்தியான வெயில் ஜன்னல் கம்பிகளைத் தரையில் நீளநீளமாகப் போட்டிருந்தது. கீழ்வீட்டில் குக்கர் விசில் அடித்தது. கட்டைவிரலுக்குள் என்னவோ ஒன்று சுண்டி இழுத்து விட்டது, மறுபடி இழுத்தது. தெருநாய் என்று சொன்னாளே தாரிணி. அதுதான். கடித்ததைக்கூட விட்டுவிடலாம், நாய் கடிக்கும், அதற்குப் பல் இருக்கிறது. தெருநாய் என்று சொன்னாளே.

செவ்வாய்க்கிழமை நடந்தது. தாரிணி ஆபீஸிலிருந்து வரும்போது பிரியாணிப் பொட்டலம் வாங்கி வந்தாள், தின்று முடித்தாள், ஒரு பெரிய எலும்பை ஜிஞ்சருக்குப் போட்டாள், போன் வந்தது, பால்கனிக்குப் போய்விட்டாள். பால்கனிக்குப் போனால் அவளுக்கு உலகம் கிடையாது. டீம், டீம் என்று யாரிடமோ சிரித்துக்கொண்டிருந்தாள். ஜிஞ்சர் அவள் நாய். செம்பட்டை முடியும் தொங்கும் காதுமாக, ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி, பிறந்தநாளுக்கு கேக் வெட்டி வளர்க்கிற சாதிநாய். எலும்பைக் கவ்விக்கொண்டு அது செண்பகவல்லியின் அறைக்குள் நுழைந்து கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்திருக்கிறது. இவளுக்கு எப்படித் தெரியும்? பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, முகம் கழுவி, ஹேர்க்ளிப் கைதவறி விழுந்து உருண்டு போக, குனிந்து கையை விட்டாள். என் அறை. என் கட்டில். என் ஹேர்க்ளிப். முதலில் கதவு இடுக்கில் கை மாட்டியதுபோலத்தான் இருந்தது. அப்புறம் அந்த உறுமல். உறுமல் தொண்டையிலிருந்து வரவில்லை, தன் எலும்புக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது, ஏனென்றால் பல்லை இன்னும் எடுக்கவில்லை அது. இழுத்தாள். இழுத்திருக்கக் கூடாதாம், இழுத்ததால்தான் கிழிந்ததாம், டாக்டர் சொன்னார். வேறு என்ன செய்வார்கள், கடிக்கிறவரைக்கும் கையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்களா? தாரிணி ஓடிவந்து முதலில் என்ன கேட்டாள்? வலிக்குதா என்றா கேட்டாள்? “நீ ஏன்க்கா கட்டிலுக்கு அடியில கையை விட்ட?” என்று கேட்டாள்.

நீ ஏன்க்கா கையை விட்ட. நீ ஏன்க்கா. அந்த வாக்கியம் நான்கு நாளாகக் காதுக்குள் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. தலை துவட்டும்போது வருகிறது. பாத்ரூமில் குழாயைத் திறந்தால் வருகிறது. பதில்கள் எல்லாம் இப்போதுதான் தோன்றுகின்றன, ஒன்றைவிட ஒன்று கூர்மையாக. அன்றைக்கு ஒரு பதிலும் தோன்றவில்லை. ஆட்டோவில் துண்டு நனைந்து ரத்தம் முழங்கை வழியாக ஒழுகிக்கொண்டிருந்தது, தோளைச் சுற்றிக் கையைப் போட்டு அணைத்துக்கொண்டு தாரிணி, “ஒண்ணுமில்லக்கா, ஒண்ணுமில்ல” என்று அழுதாள். நிஜமாகவே அழுதாள், அதைச் சொல்லவேண்டும். ஆஸ்பத்திரியில் அந்தச் சின்ன வயசு டாக்டர் துண்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “வளர்ப்பு நாயா, தெருநாயா? ஊசி போட்ட நாயா?” என்று கேட்டார். செண்பகவல்லியைப் பார்த்துத்தான் கேட்டார். இவள் வாயைத் திறந்தாள். அதற்குள், தோளில் இருந்த கை ஒரு அழுத்து அழுத்த, “தெருநாய் டாக்டர். கேட் பக்கத்துல நின்னுட்டிருந்துச்சு” என்று இன்னொரு வாய் சொல்லிவிட்டது. திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டாள் செண்பகவல்லி. தெருநாய்னா வேற வழியில்லைம்மா, நாயைக் கண்ணுல வச்சிருக்கவும் முடியாது, காயத்துக்குள்ளயே ஊசி போடணும், கொஞ்சம் பொறுத்துக்கோங்க என்றார் டாக்டர். கொஞ்சமா? கிழிந்த சதைக்குள்ளே ஊசியை விட்டு மருந்தை இறக்கினார்கள், சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு குத்துக்கும் கை தன்னுடையது இல்லை என்பதுபோலத் துள்ளியது. கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். உண்மையைச் சொல்லியிருந்தாலும் அந்த ஊசியைப் போட்டிருப்பார்களோ என்னவோ, அது டாக்டருக்குத்தான் தெரியும். ஆனால் குத்திய ஒவ்வொரு தடவையும் அவள் கேட்டது ஒரே வார்த்தையைத்தான். தெருநாய். தெருநாய். தாரிணி கண்ணை மூடிக்கொண்டு தலைமாட்டில் நின்றாள். அன்று இரவே ஒரு ஸ்டேட்டஸ் வேறு போட்டிருந்தாள், ஆஸ்பத்திரி வராந்தாவின் படம், கீழே: என் அக்காவுக்காக ஒரு பிரார்த்தனை.

அடுத்தவருக்காகப் பேசுகிறவர்கள். அவர்களை செண்பகவல்லிக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும். தங்கை பொன்மணிக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. கோவில்பட்டியில் யார் வீட்டுக்குப் போனாலும் பொன்மணிக்காக யாராவது ஒருவர் பேசிவிடுவார்கள். அவளுக்குப் பசிக்கலையாம். அவளுக்கு அந்தக் கலர் பிடிக்காது. அவ வரமாட்டா, கூட்டம்னா பயம் அவளுக்கு. பொன்மணி எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒரு கல்யாண வீட்டில் அத்தை ஒருத்தி, “இவளுக்கு எதுக்கு பட்டு, இவளுக்கு ஒண்ணும் தெரியாது” என்று பாவாடையை எடுத்துத் தன் மகளுக்குக் கொடுத்தபோது பொன்மணி அந்த அத்தையின் கையைப் பிடித்து நறுக்கென்று கடித்துவிட்டாள். எல்லாரும் அடித்தார்கள். செண்பகவல்லி மட்டும் அடிக்கவில்லை. நாயை நினைத்தால் இது ஏன் ஞாபகத்துக்கு வரவேண்டும்? வேண்டாம். நாய்க்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். பொன்மணிக்காகத்தான் சைகை மொழி படித்தாள், அதுவே வேலையாகிவிட்டது, காது கேளாத பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் பதினோரு வருஷமாக டீச்சர். கைதான் வாய் அங்கே. வியாழக்கிழமை வீடியோவில் வகுப்பைப் பார்த்தாள். இடது கையால் மட்டும் பேசினாள். திக்கித் திக்கி, கொன்னிக் கொன்னி. பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். அப்புறம் சிரிக்கவில்லை. முன் பெஞ்சில் இருந்த ஒரு பெண் குழந்தை கையை ஆட்டிக் கேட்டது: மிஸ், யார்மேல கோபம்? சைகையில் பாதி முகத்தில்தான் இருக்கிறது, முகத்தைப் படித்துவிடும் அதுகள். யார்மேலும் இல்லை என்று இடது கை சொன்னது. பொய்யை இடது கையால் சொல்வது சுலபமாக இருந்தது. கட்டைவிரல் நரம்பில் அடிபட்டிருக்கிறது, முழுசா மடங்குமா தெரியாது, பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருப்பதைப் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. தாரிணியிடம் சொன்னாள். “எல்லாம் சரியாயிடும்க்கா, பாசிட்டிவா நினை” என்றாள் அவள், லிப்ஸ்டிக்கைச் சரிசெய்துகொண்டே.

எழுந்து அடுப்படிக்குப் போனாள். டம்ளரில் தண்ணீர் பிடித்து, வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்துவிட்டு, குடித்தாள். தொண்டையில் இறங்கியது. மறுபடி ஒரு மடக்கு. இறங்கியது. நான்கு நாளாக ஒவ்வொரு தடவையும் இந்தப் பரீட்சை. தண்ணீரைக் கண்டு பயம் வந்தால் அவ்வளவுதான் என்று எல்லாரும்போல அவளும் கேட்டு வளர்ந்தவள். ஊசி போட்டாயிற்று, இன்னும் போடப்போகிறார்கள், ஒன்றும் ஆகாது என்று தெரியும். தெரிந்தாலும் கழுத்தைத் தடவிப் பார்க்கிறாள். ஜிஞ்சருக்கு ஊசியெல்லாம் போட்டிருக்கு என்கிறாள் தாரிணி, ஆனால் அவள் சொல்வதை எப்படி நம்புவது, நேருக்கு நேர் டாக்டர் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னவள் இவளிடம் மட்டும் நிஜம் பேசுவாளா? பிரிட்ஜைத் திறந்தாள். தாரிணியின் பெரிய சாக்லெட் பாதி தின்றபடி இருந்தது. நாய்க்கு சாக்லெட் கொடுத்தால் விஷம்க்கா, யாரும் போட்டுடாதீங்க என்று வந்த புதிதில் வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். எடுத்தாள். சில்லென்று இருந்தது. கதவைக் கொஞ்சம் திறந்து வீசினால் போதும், வாலை ஆட்டிக்கொண்டு தின்னும். சாயங்காலம் வந்து பார்க்கட்டும். அழட்டும், நிஜமாகவே அழுவாள், அழத் தெரிந்தவள். நீ ஏன் தாரிணி பிரிட்ஜில் சாக்லெட் வைத்தாய் என்று கேட்கவேண்டும். அதே குரலில். நீ ஏன் வச்ச. அந்தக் கேள்வியை நினைத்தபோது வாயில் ஏதோ இனிப்பாக ஊறியது. ஆனால், செத்துவிட்டால்? நாய் செத்துப்போனால் எதனால் செத்தது என்று யாருக்குத் தெரியும்? வெறி பிடித்துச் செத்ததா, சாக்லெட்டில் செத்ததா? அது உயிரோடு, வாலை ஆட்டிக்கொண்டு, தின்றுகொண்டு இருந்தால்தான் தனக்கு நிம்மதி. கடித்த நாயின் ஆயுசுக்கு நான் வேண்டிக்கொள்ளவேண்டியிருக்கிறது, பார்த்தாயா. சாக்லெட்டை இருந்த இடத்தில் வைத்தாள். வைத்த பிறகு ஒரு துண்டை ஒடித்துத் தானே தின்றாள்.

பொறுப்பு. அந்த வார்த்தையில்தான் போய்ப் போய் முட்டிக்கொள்கிறது மனசு. போன வருஷம் தீபாவளி முடிந்து தாரிணி இந்த நாயைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றபோது திருவேங்கடம் போனில் குதித்தார். என் வீட்ல நாய் கீயெல்லாம் கூடாதும்மா, கீழ குழந்தை தவழ்ந்துட்டு இருக்கு. செண்பகவல்லிதான் பேசினாள். வீட்டு ஒப்பந்தம் அவள் பெயரில். தனியாக இருக்கிற பெண்ணுக்கு வீடு தரமாட்டேன் என்று தெருத்தெருவாகச் சொன்ன ஊரில், டீச்சரா, அப்ப சரி என்று ஒருத்தர் கொடுத்த வீடு. தாரிணியைப் பிறகுதான் சேர்த்துக்கொண்டாள், வீட்டில் ஒரு பேச்சுச் சத்தம் இருக்கட்டும் என்று. காது கேட்காத தங்கையோடு வளர்ந்தவளுக்கு வீட்டில் சத்தம் ஒரு ஆடம்பரம். அந்த ஆசையில் சொன்னாள்: “ரொம்ப சாது சார். நான் பொறுப்பு.” அவர், “சரி. யாருக்காவது ஒண்ணு ஆச்சுன்னா ரெண்டு பேரும் காலி பண்ணிடணும், ஆமா” என்றார். சரி சார் என்று சிரித்தாள். தாரிணி கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். யாருக்காவது என்றால் அந்த யாராவது தான்தான் என்று எவளுக்குத் தோன்றும்? இப்போது கடி வாங்கியவளும் நான், பொறுப்பும் நான். மாடிப்படியில் ரத்தச் சொட்டைப் பார்த்துக் கீழ்வீட்டுக்காரர்கள் அவருக்குப் போன் செய்ய, அவர் இவள் நம்பருக்குப் போன் செய்ய, ஆஸ்பத்திரியில் இவள் போனைக் கையில் வைத்திருந்தது தாரிணி. அவரிடமும் அதேதான். தெருநாய் சார். “அக்கா, நீயும் அப்படியே சொல்லிடு. இல்லேன்னா ரெண்டு பேருக்கும்தான் வீடு போகும், யோசிச்சுப் பாரு” என்று இன்று காலையில்கூட ஷூ மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுத்தான் போனாள். ஆபீஸில் அவளுக்கு எச்.ஆர். வேலை. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நேர்மையைப் பற்றி வகுப்பெடுக்கிறாளாம்.

யோசித்துப் பார்க்கிறேன். நான்கு நாளாக அதைத்தான் செய்கிறேன். வெயில் தாழ்ந்தபோது துடைப்பத்தை இடது கையில் எடுத்துக்கொண்டு போய் தாரிணியின் அறைத் தாழ்ப்பாளை நீக்கினாள். ஏன் நீக்கினோம் என்று நீக்கிய பிறகுதான் கேட்டுக்கொண்டாள். வாசல் கதவையும் திறந்து வைத்தாள். படிக்கட்டு வெறிச்சென்று கீழே இறங்கியது, கேட் திறந்துதான் கிடந்தது. தெருநாய் என்றாளே, தெருவுக்கே போகட்டும். அவள் சொன்னதை நான் நிஜமாக்கிக் கொடுக்கிறேன். “போ” என்றாள். ஜிஞ்சர் வெளியே வந்தது. துடைப்பத்தைப் பார்த்து ஒதுங்கி, சுவரோரமாக வயிறு தரையில் தேய நகர்ந்து, படிக்கட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், அடுப்படி மூலையில் இருந்த தன் கிண்ணத்துக்குப் போய் நக்கியது. காலிக் கிண்ணம். அலுமினியத்தில் நாக்கு உரசுகிற சத்தம். அறைக்குள் எட்டிப் பார்த்தாள்; அங்கே தண்ணீரே வைக்கவில்லை. காலையிலிருந்து பூட்டிவைத்துவிட்டுப் போயிருக்கிறாள், ஒரு சொட்டுத் தண்ணீர் வைக்காமல். பிறந்தநாள் கேக் வெட்டுகிறவள். செண்பகவல்லிக்கு நாய்மேல் இரக்கம் வரவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். பயம்தான் வந்தது: இது தண்ணீர் குடிக்கிறதா என்று பார்க்கவேண்டும். குடத்திலிருந்து சொம்பில் மொண்டு, எட்ட நின்று, துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கையை நீட்டி ஊற்றினாள். பாதி வெளியே சிந்தியது. அது சளப்சளப்பென்று குடித்தது. காதுகள் இரண்டும் தண்ணீரில் நனைய நனையக் குடித்தது. குடி. நல்லாக் குடி. நீ சாகக்கூடாது. உன்னை முன்னால் நிறுத்திவைத்துத்தான் நான் பேசப்போகிறேன். அது குடித்து முடித்து, நிமிர்ந்து, அவள் கைக்கட்டைப் பார்த்தது, அல்லது அவள் அப்படி நினைத்துக்கொண்டாள். ஓரடி பின்னால் வைத்தாள்.

அப்போது படிக்கட்டில் பேச்சுக் குரல் ஏறி வந்தது. திருவேங்கடத்தின் செருப்புச் சத்தம், அதற்கு மேலே தாரிணியின் குரல், ஆபீஸிலிருந்து சீக்கிரமே கிளம்பி வந்திருக்கிறாள், கேட்டிலேயே அவரைப் பிடித்திருக்கிறாள். பாவம் சார், அக்காவுக்கு ரொம்ப வலி, அதிகமாப் பேசவைக்காதீங்க என்று சொல்லிக்கொண்டே வந்தாள். திருவேங்கடம் மூச்சு வாங்க உள்ளே வந்து நின்றார். கரண்ட் ஆபீஸில் ரிட்டயர் ஆனவர், நெற்றியில் வியர்வை. நாயைப் பார்த்ததும் ஒரு எட்டு தள்ளி நின்றார். “ஏம்மா, கை எப்படி இருக்கு?” என்றார். “டாக்டர் பயமில்லைன்னுட்டார் சார், கேட் கிட்ட நின்ன தெருநாய்தான்...” என்று தாரிணி ஆரம்பித்தாள். “தாரிணி, சார் எங்கிட்டதான் கேட்டார்” என்றாள் செண்பகவல்லி. நான்கு நாளாகத் தேய்த்துத் தேய்த்துக் கூராக்கி வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. சாதாரணமாகத்தான் வந்தது. “கேட்டும் இல்ல, தெருவும் இல்ல சார். என் ரூம்ல, என் கட்டிலுக்கு அடியில, இந்த நாய் கடிச்சுது. ஆஸ்பத்திரியில தெருநாய்னு சொன்னது தாரிணி. நான் பேசாம இருந்துட்டேன், மயக்கமா இருந்துச்சு. இப்ப மயக்கம் இல்ல.”

தாரிணி “அக்கா” என்றாள். திருவேங்கடம் நாயைப் பார்த்தார், கட்டைப் பார்த்தார். “நீதானேம்மா பொறுப்புன்னு சொன்ன?” என்றார். கோபமாகக் கேட்கவில்லை, வருத்தமாகத்தான் கேட்டார். ஆமா சார் என்றாள். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “சரி விடு. அடிபட்டவளை வெளிய போன்னு சொல்ல எனக்கு மனசு வராது. நாயை எங்கயாவது கொண்டுபோய் விட்டுடுங்க, நீங்க ரெண்டு பேரும் எப்பவும்போல இருங்க” என்றார். “கண்டிப்பா சார்! நாளைக்கே விட்டுடறேன், நாய்ங்களை வச்சுப் பார்த்துக்கற இடம் எனக்குத் தெரியும்” என்றாள் தாரிணி. ஒரு கணம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். காலடியில் நின்று வாலை ஆட்டிக்கொண்டிருந்த நாயைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. என் பிள்ளை, என் பிள்ளை என்று வாய்க்கு வாய் சொன்னவள். செண்பகவல்லி அதைப் பார்த்தாள். ஓ, இப்படித்தான் முடியப்போகிறது, என்று நினைத்தாள். கடித்தது நாய், போவது நாய். நாய் போனதும் எல்லாம் சரியாகிவிடும். இதே ஹாலில் உட்கார்ந்து இவள் பிரியாணி தின்பாள், டீம் டீம் என்று சிரிப்பாள், ஒரு வருஷம் கழித்து, அந்த நாயால எவ்வளவு கஷ்டம்க்கா நமக்கு என்பாள். நமக்கு. கட்டைவிரல் சுண்டி இழுத்தது.

“நாய் போனாப் போதாது சார்” என்றாள். தன் குரல் அவ்வளவு தெளிவாக இருந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. “நீங்க அன்னிக்குச் சொன்னபடியே இருக்கட்டும், ரெண்டு பேரும் காலி. வீடு என் பேர்ல இருக்கு, நான் காலி பண்றேன். இந்த மாசக் கடைசியோட.” திருவேங்கடம், “அவசரப்படாதம்மா, இந்தக் கையோட எங்க போய் வீடு தேடுவ?” என்றார். “தேடிக்கறேன் சார்.” அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். இது தனக்குப் புரிகிற சண்டை இல்லை என்று தெரிந்திருக்கவேண்டும். யோசிச்சுச் சொல்லும்மா, ரெண்டு நாள் கழிச்சுப் போன் பண்ணு என்று சொல்லிவிட்டு, நாயைச் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனார்.

கதவைச் சாத்திவிட்டுத் தாரிணி அதில் சாய்ந்து நின்றாள். “பைத்தியமா உனக்கு? அவரே விட்டுட்டாரு. நாயையும் அனுப்பறேன்னுட்டேன். இன்னும் என்ன வேணும்?” கழுத்தில் ஆபீஸ் அட்டை ஆடிக்கொண்டிருந்தது. “நாயை அனுப்பறதும் வச்சுக்கறதும் உன் பாடு” என்றாள் செண்பகவல்லி. “வர்ற செவ்வாய்க்கிழமை அடுத்த ஊசி. நீ எங்கூட வர்ற. அந்த டாக்டர்கிட்ட உன் வாயாலயே சொல்ற, யார் நாய்னு. அதுக்கப்புறம் நீ எங்க வேணா போ.” தாரிணி அழ ஆரம்பித்தாள். எனக்கு யார் வீடு குடுப்பாங்க, பத்து நாள்ல நான் எங்கக்கா போவேன், உன்னைக் கூடப்பிறந்தவளாத்தானே நினைச்சேன் என்று அழுதாள். பொய் அழுகை இல்லை அது. ஆட்டோவில் அழுத அதே அழுகை. அப்போது அதைக் கேட்டுக் கரைந்து, அவள் கையைத் தட்டிக்கொடுத்தது ஞாபகம் வந்தது. ரத்தம் ஒழுகுகிற கையோடு தான்தான் அவளைத் தேற்றியிருக்கிறோம். இப்போது நாற்காலியில் உட்கார்ந்து, தலையணையை மடியில் போட்டு, அதன்மேல் கையைத் தூக்கிவைத்துக்கொண்டு, அவள் அழுது முடிக்கிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கை உறிஞ்சிவிட்டு தாரிணி நிமிர்ந்தாள். “இப்ப சந்தோஷமா உனக்கு?” என்று கேட்டாள். செண்பகவல்லி உள்ளே தேடிப் பார்த்தாள். குற்ற உணர்ச்சி என்று ஏதாவது இருக்கிறதா என்று மூலைமுடுக்கெல்லாம் பார்த்தாள். “ஆமா” என்றாள்.

தாரிணி நாயை இழுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவை அறைந்தாள். செண்பகவல்லி இடது கையால் போனை எடுத்து, இந்த வீட்டைப் பிடித்துக் கொடுத்த புரோக்கரின் நம்பரைத் தேடினாள். அவர் எடுத்தார். எந்த ஏரியா வேணும், எத்தனை பேரும்மா என்று கேட்டார். “நான் மட்டும்தான்” என்றாள். தனியா இருக்கற லேடிஸ்னா ரொம்பக் கஷ்டமாச்சேம்மா, கூட யாரையாவது காட்டினா சுலபம், போன தடவை மாதிரி அலையவேண்டியிருக்கும் என்று அவர் இழுத்தார். “அலையறேன்” என்றாள் அவள்.